ஓரத்தில் நிற்பவர்கள்

மீன்கறிச் சட்டியோடு தங்கரத்தினம் வாசலேறி உள்ளே வந்தபோது, அறைக்குள்ளிருந்த அலுமாரி பேசிக்கொண்டிருந்தது.

"எங்கட அக்காவின்ர கலியாண அல்பத்தில நான் அம்மாவைத் தேடினன்," என்றது அலுமாரி. "முதல் பக்கத்தில மாமி நிக்கிறா. அடுத்த பக்கத்திலையும் மாமி நிக்கிறா. தாலி கட்டுற படத்தில மாமாவும் மாமியும் நிக்கினம். அம்மா ஒண்டிலையும் இல்லை."

தங்கரத்தினம் அசையாமல் நின்றார். குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்த புஸ்பராணி, மச்சாள் தங்கரத்தினத்தின் முகத்தையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். பல்லியைப்போல உச்சுக்கொட்டி மகளை நிறுத்தலாமா என்று நினைத்தாள். அதற்குள் தங்கரத்தினம் சட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு அலுமாரிக் கதவைத் திறந்தார். தொங்கிய சேலைகளுக்கு நடுவே, தலைமேல் போர்வையும் கையில் போனுமாக, பதினைந்து வயது யதுர்சனா வியர்த்து வழிந்துகொண்டு குந்தியிருந்தாள்.

"என்ன பிள்ளை, ஒளிச்சிருந்து றேடியோ வாசிக்கிறியோ?"

"பள்ளிக்கூட வேலை, மாமி."

"பள்ளிக்கூடத்தில இப்ப மாமியைத்தானோ படிப்பிக்கினம்?"

பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது டிஜிட்டல் கதைசொல்லல். தமிழாசிரியை ஜெயரூபி அதற்கென்று நடந்த பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழோடும் மூன்று விதிகளோடும் திரும்பியிருந்தார். கதை சொந்தக் கதையாக இருக்க வேண்டும். குரல் சொந்தக் குரலாக இருக்க வேண்டும். முழுவதும் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். படங்களை அடுக்கிக் குரலைச் சேர்த்தால் கதை தானாக உருவாகும் என்றும், கதையைச் சொல்பவரே அதன் உரிமையாளர் என்றும் அவர் கரும்பலகையில் எழுதியிருந்தார். பரிசளிப்பு விழாவில் சிறந்த கதை திரையில் காட்டப்படும். சல்லி என்ற அந்தக் கடலோரக் கிராமத்திலோ, படகு எஞ்சின்களும் கருவாட்டுக்குக் காவலிருந்த காகங்களும் எந்தக் குழந்தையையும் சொந்தக் குரலில் பேச விடுவதில்லை. எனவே ஆசிரியை அலுமாரியைச் சிபாரிசு செய்திருந்தார். துணி இரைச்சலைக் குடித்துவிடுமாம்.

தங்கரத்தினம் சட்டியை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் கோபித்துப் போனார் என்பதற்கு அது ஒன்றே சாட்சி; சட்டியைத் திருப்பிக் கேட்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை.

அந்தக் கலியாணம் போன ஆவணியில் நகரத்து மண்டபமொன்றில் நடந்தது. மணப்பெண் சிவாஜினி, புஸ்பராணியின் மூத்தவள். புஸ்பராணியின் கணவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். நெஞ்சுவலி வந்து அவன் இறந்தபின், நகரத்துப் பாமசி ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்து இரண்டு பெண்களையும் அவளே வளர்த்தாள். மாப்பிள்ளையை விசாரித்தது அவள். கூறைச் சேலையைக் கடை கடையாக ஏறியிறங்கி எடுத்தது அவள். சமையற்காரனோடு வாக்குவாதப்பட்டது அவள். முகூர்த்த நாளன்று மட்டும், தாரை வார்த்துக் கொடுக்கப் புருசன் பெண்சாதியாக இருவர் வேண்டியிருந்ததால், கணவனின் தமக்கையான தங்கரத்தினமும் அவருடைய கணவரும் தாய் தகப்பனாக அமர்ந்தனர். புஸ்பராணியை யாரும் விலகிப் போகச் சொல்லவில்லை. எங்கே நின்றால் நல்லது என்று மட்டுமே சொன்னார்கள். மண்டபத்தின் சாமான் அறை நல்லது என்று பலரும் ஒருமித்துக் கருதினார்கள். அவளும் அவ்வாறே கருதியதாகத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

அன்று பின்னேரம் மகள் தன் கதையைத் தாய்க்குப் போட்டுக் காட்டினாள். புஸ்பராணி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

அல்பத்தின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்த படம் அப்படியே நிற்கவில்லை. மெல்ல மெல்லப் பெருத்து, மணமக்களை விட்டு விலகி, யாரும் பார்க்காத ஒரு மூலைக்குப் போயிற்று. பெண்ணை அலங்கரிக்கும் படத்தில் கண்ணாடிக்குள் ஒரு கை, அதில் ஊசிகள். "இது அம்மாவின்ர கை," என்றது மகளின் குரல். கூறைத் தட்டம் மணவறைக்கு வரும் படத்தில், பாதி திறந்த கதவின் விளிம்பில் நான்கு விரல்கள். "இது அம்மாவின்ர விரல்." பந்திப் படத்தில் தூண் ஒன்றின் பின்னே சாம்பல் நிறச் சேலைத் தலைப்பு. "இது அம்மா."

"இதை ஒருத்தருக்கும் காட்டாத," என்றாள் புஸ்பராணி.

"ரீச்சர் பாத்திட்டா."

புஸ்பராணி போனை மகளிடம் நீட்டினாள். பிறகு, "திரும்பப் போடு," என்றாள். இரண்டாம் முறை பார்த்தபின், "விரலில மஞ்சள் பிரண்டிருக்கு," என்றாள். "கழுவ நேரமிருக்கேல்லை."

யதுர்சனா தாயோடு ஒட்டி அமர்ந்து இன்னொன்றையும் காட்டினாள். படமெடுத்த றிப்தி கொடுத்த பென்ட்ரைவில் மூலப்படங்கள் இருந்தன. அவற்றில் இரண்டில் புஸ்பராணி முழுதாகவே இருந்தாள். சாமான் அறை வாசலில், கையைக் கட்டிக்கொண்டு. அல்பத்தில் அதே படங்கள் அந்த வாசலுக்கு இப்பால் முடிந்திருந்தன.

"றிப்தி அண்ணா வெட்டியிருக்கிறார் அம்மா. ஓரத்தில நிக்கிறவையை வெட்டுறது லேசு. ஒரு விரலால இழுத்தாச் சரி."

"நடுவில நிக்கிறவையை?"

"அது ஏலாது. படம் ரெண்டாப் போயிடும்."

புஸ்பராணி அந்தத் தகவலை, மருந்துச் சீட்டில் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல, கவனமாக மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் அதிபரிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் பாமசியில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனாள். அதிபர் தவராசாவின் அறையில் ஜெயரூபி ரீச்சரும் யதுர்சனாவும் நின்றுகொண்டிருந்தார்கள். விருந்தினருக்கான கதிரையில் தங்கரத்தினம் ஏற்கெனவே அமர்ந்திருந்தார். அவருடைய கணவர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். ஆதலால் அந்தக் கதிரை அவருக்குப் புதிதன்று.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்று தொடங்கினார் அதிபர். "ஜெயரூபி ரீச்சர் பாத்து அழுதவ. முதற் பரிசும் இதுக்குத்தான். ஆனா ஒரு குறை. அம்மா ஒரு படத்திலையும் இல்லை."

"அதுதான் சேர் கதை," என்றாள் யதுர்சனா.

"குறையை நிவர்த்தி செய்யலாம் எண்டு சொல்லுறன், பிள்ளை. தொழில்நுட்பம் எதுக்கிருக்கு?"

அவர் தம் போனை மேசைமேல் திருப்பி வைத்தார். மணவறைப் படம். சிவாஜினியின் பக்கத்தில், தங்கரத்தினத்துக்கும் அவளுக்கும் இடையே, ஒரு பெண் நின்றாள். நெற்றியில் குங்குமப் பொட்டு, தலையில் மல்லிகைச் சரம், கழுத்தில் தடித்த சங்கிலி. நிறம் இரண்டு படி கூடியிருந்தது. எதற்கென்று தெரியாமல் அவள் மிகவும் சிரித்துக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் புஸ்பராணியின் அடையாள அட்டை முகம் தெரிந்தது.

"அடையாள அட்டைப் படம் ஒண்டு குடுத்தனான். மிச்சமெல்லாம் போன் தானாச் செய்தது," என்றார் அதிபர், பிரசவம் பார்த்தவரின் அடக்கத்தோடு. "இப்பதான் பாக்க ஒரு நிறைவான குடும்பமா இருக்கு."

ஜெயரூபி ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். கதையின் உரிமையாளர் பற்றிய விதி அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். ஆனால் அதிபரின் அறையில் கரும்பலகை இல்லை.

"நான் ஐயரிட்டையும் கேட்டனான்," என்றார் தங்கரத்தினம். "சும்மா படத்தில நிக்கிறதுக்குத் தோசமில்லையாம்."

"பொட்டு?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"பொட்டு நாங்களே வைச்சனாங்கள்? போன்தானே வைச்சது."

"அப்ப அண்டைக்குப் போனே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா, நான் மணவறையில நிண்டிருக்கலாம். என்ன மச்சாள்?"

"கதையை வளர்க்காத, புஸ்பம். உன்னை ஒதுக்கினது எண்டு சனம் கதைக்கக் கூடாது. அதுக்குத்தானே உன்னை இப்ப நடுவில கொண்டுவந்து விட்டிருக்கு. இதுக்குமேல என்ன செய்யிறது?"

அவர் சொன்னதில் கபடம் ஏதுமில்லை. தம்பி மனைவிக்குத் தம்மால் இயன்ற உச்சபட்ச நீதியைச் செய்துவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். அந்தப் படத்தில் தம் இடத்தில் ஒரு கால்வாசியை விட்டுக்கொடுத்திருந்தார் அல்லவா?

"பிள்ளையின்ர குரலைத்தான் போனில செய்யேலாது," என்றார் அதிபர். "சொந்தக் குரல் எண்டது விதி. அதாலை கடைசிப் பகுதியை மட்டும் பிள்ளை திரும்பப் பேசித் தரவேணும்; மற்ற இடங்களுக்கு வீணை போட்டுவிடலாம். வசனம் நான் எழுதியிருக்கிறன்."

வசனம் இதுதான்: 'எம் இல்லத்தின் ஒளிவிளக்காம் எம் அன்னை, தமக்கையின் மணவிழாவில் முன்னின்று மங்கலம் பொழிந்த அந்தப் பொன்னாள் எம் நெஞ்சங்களில் என்றென்றும் நிலைத்து நிற்கும்.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. உண்மை ஒன்றும் இல்லை என்பதும் அதே அளவுக்குச் சரி.

"நான் பேசமாட்டன்," என்றாள் யதுர்சனா.

"அப்ப படம் போடேலாது. பரிசையும் அடுத்த பிள்ளைக்குத்தான் குடுக்கவேணும்."

"நாளைக்குக் குரலைத் தாறம், சேர்," என்றாள் புஸ்பராணி.

சல்லிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் தாயின் பக்கத்தில் அமரவில்லை. இரண்டு வரிசை முன்னே போய், யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். வீட்டுக்கு வந்தபின்தான் வாய் திறந்தாள்.

"அண்டைக்கும் நீங்கள் ஓம் எண்டனீங்கள். இண்டைக்கும் ஓம் எண்டிட்டீங்கள்."

அந்தச் சொல் புஸ்பராணிக்கு உறைத்தது. எப்போதும் உறைக்கும் இடத்தில்தான் உறைத்தது. மச்சாள் சொல்லியிருந்தால் பதில் சொல்லத் தெரியும். அதிபர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகத் தெரியும். இதைச் சொன்னது அவள் பெற்ற பிள்ளை. அவள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். கீழே கிடந்த செருப்புப் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தாள். சேலைகளை ஒரு பக்கம் தள்ளினாள்.

"அந்தப் போனை எப்பிடிப் பிடிக்கிறது?"

"ஆர் பிடிக்கப் போறது?"

"நான்தான்."

யதுர்சனா கிட்ட வந்தாள். பிறகு போனை எடுத்துச் சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். "வாய்க்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. மூச்சு விழும்."

நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணொருத்தி அலுமாரிக்குள் ஏறுவது பார்க்க அவ்வளவு அழகானதன்று. முழங்கால் ஒன்று மடங்கவில்லை. கலியாணத்துக்கென்று எடுத்து, சாமான் அறையில் உடுத்திக் கழித்த சாம்பல் நிறப் பட்டு அவள் முகத்தில் உரசியது. அதில் இன்னும் சாம்பிராணி மணமிருந்தது.

"கதவைச் சாத்து," என்றாள். "மூச்சு முட்டினாத் தட்டுறன்."

மறுநாள் அவள் குரலை ஏற்றிய பென்ட்ரைவை ஜெயரூபி ரீச்சரிடம் கொடுத்தாள். ரீச்சர் ஆசிரியர் அறைக் கணினியில் அதைப் பொருத்திக் காதில் கருவியை மாட்டிக்கொண்டார். கேட்டு முடிந்தபின் கருவியைக் கழற்றி, அதன் வயரை விரலில் சுற்றினார்; அவிழ்த்தார்; மறுபடியும் சுற்றினார்.

"அதிபர் கேட்டாரெண்டா?" என்றாள் புஸ்பராணி.

"குரல் வந்திட்டுது எண்டு சொல்லுவன்," என்றார் ரீச்சர். "பொய்யில்லைத்தானே."

பரிசளிப்பு விழாவன்று புஸ்பராணி அந்தச் சாம்பல் பட்டையே உடுத்தாள். அழைப்பிதழில் 'பரிசு பெறும் மாணவியரின் அன்னையர் மங்கல விளக்கேற்றுவர்' என்றிருந்தது. பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஐந்து திரிகளில் நான்கை நான்கு அன்னையர் ஏற்றினர். ஐந்தாவதற்கு, "செல்வி யதுர்சனாவின் அன்னை சார்பில் திருமதி தங்கரத்தினம் அவர்கள்" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அன்னை மூன்றாம் வரிசையில், கைகால் சுகத்தோடு, மடியில் கைப்பையோடு அமர்ந்திருந்தாள். தங்கரத்தினம் எழுந்து போகும்போது அவளுடைய தோளைத் தட்டி, "ஒண்டும் நினைக்காத," என்றார். அவள் நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த யதுர்சனா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு விளக்குகள் அணைந்தன. திரையில் அல்பம் விரிந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த கை, கதவு விளிம்பின் நான்கு விரல்கள், தூணின் பின்னே இருந்த தலைப்பு எல்லாம் வந்தன. ஆனால் குரலில்லை; அதிபரின் யோசனைப்படி அந்த இடங்களில் வீணை ஒலித்தது. முடிவில் நிறைவான குடும்பம் திரை முழுவதையும் நிறைத்தது. பொட்டும் பூவுமாய்ச் சிரிக்கும் பெண்ணைக் கண்டு மண்டபம் கைதட்டத் தொடங்கிய வேளையில் வீணை நின்றது. ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். சேலைகளுக்குள்ளிருந்து வருவதுபோன்ற, சற்று அமுங்கிய குரல்.

"நான் யதுர்சனாவின்ர அம்மா. இந்தப் படத்தில சிவாஜினிக்குப் பக்கத்தில நிக்கிற பொம்பிளையை எனக்குத் தெரியாது. நல்ல வடிவா இருக்கிறா. அண்டைக்கு அவ வந்திருந்தா நான் கண்டிருப்பன். நான் சாமான் அறைக்குள்ள நிண்டு தட்டம் அடுக்கினனான். கூறையைக் கதவாலதான் குடுத்து விட்டனான். பிறகு கெட்டிமேளம் கேட்டுது. அதை வைச்சுத்தான் என்ர பிள்ளைக்குத் தாலி ஏறியிட்டுது எண்டு தெரிஞ்சது."

அவ்வளவுதான். திரை கறுத்தது.

அதிபர் எழுவதா இருப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் பாதியில் நின்றார். மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தவர்கள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது பிரதம விருந்தினர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, உரக்கக் கைதட்டினார்.

"அற்புதம்," என்றார் ஒலிவாங்கியில். "படத்தில தாயைச் செயற்கையாச் சேர்த்தது பெரிசில்லை. தாயின்ர குரலையும் செயற்கையாச் செய்திருக்கிறீங்கள் பாருங்கோ, அது பெரிசு. உண்மையான ஒரு மனுசி கதைக்கிற மாதிரியே இருக்கு. அதிபர், அது எந்த அப்பில செய்தது?"

அதிபர் ஒலிவாங்கியை வாங்கினார். பிறகு, கரை கண்டவரைப்போல, "எல்லாம் எங்கட பிள்ளையளின்ர கெட்டித்தனம், சேர்," என்றார். மண்டபம் நிம்மதியாகக் கைதட்டியது. நடந்தது தொழில்நுட்பம் என்று தெரிந்தபின் யாருக்கும் சங்கடமில்லை.

பரிசு கொடுத்து முடிந்ததும், குடும்பத்தோடு ஒரு படம் எடுக்க வேண்டுமென்று எல்லாரையும் மேடைக்கு அழைத்தார்கள். படம் எடுப்பவன் றிப்தி. கலியாணத்துக்கும் அவனே எடுத்தான். நகரத்தில் நல்லது கெட்டது எதுவும் அவனுடைய கண்ணுக்குத் தப்புவதில்லை, அல்பத்துக்குத்தான் தப்பும். தங்கரத்தினம் பழக்கத்தினால் நடுவுக்குப் போனார். அதிபர் ஒரு பக்கம், யதுர்சனா பரிசுக் கிண்ணத்தோடு மறுபக்கம்.

"அன்ரி," என்றான் றிப்தி, புஸ்பராணியைப் பார்த்து. "அந்தக் கரையில நில்லுங்கோ. கொஞ்சம் தள்ளி. ஆ, அப்பிடியே."

புஸ்பராணி அந்தக் கரைக்குப் போகவில்லை. மேடையின் குறுக்கே நேராக நடந்து வந்து, அதிபருக்கும் மச்சாளுக்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியில் புகுந்து நின்றாள். மகளைக் கையைப் பிடித்துத் தன் முன்னால் இழுத்து நிறுத்தினாள். அவள் புகுந்த வேகத்தில் தங்கரத்தினம் ஒரு எட்டு விலக வேண்டியதாயிற்று.

"அன்ரி, பிறேம் நிறைஞ்சு போச்சு."

"அண்டைக்குக் கரையில நிண்டனான், தம்பி. நீங்கள் வெட்டிப்போட்டீங்கள்."

றிப்தி கமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். "அது அல்பத்தின்ர அளவுக்கு, அன்ரி. வேற ஒண்டுமில்லை."

"ஓம். அதுதான் இண்டைக்கு அளவு பாத்து நிக்கிறன். நீங்கள் பின்னுக்குப் போங்கோ."

"என்ன புஸ்பம் இது," என்றார் தங்கரத்தினம், உதட்டை அசைக்காமல். "வெட்டுறவன் எங்க நிண்டாலும் வெட்டுவான்தானே."

"வெட்டலாம் மச்சாள். ஆனா இதில வெட்டினா, அதிபர் ஒரு துண்டு, நீங்கள் ஒரு துண்டு."

றிப்தி பின்னுக்குப் போனான். ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தான். மறுபடியும் பின்னுக்குப் போனான். தங்கரத்தினம் தம் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை, மேடையின் விளிம்பும், தாம் சற்று முன் ஏற்றிய விளக்கும் மட்டுமே இருந்தன. அல்பத்தின் அளவு எதுவரை வரும் என்று அவருக்கும் தெரியாது. அவர் மெல்ல அரையடி உள்ளே நகர்ந்து, சாம்பல் பட்டோடு தோள் முட்ட, தம்பியின் விதவையை இறுக ஒட்டிக்கொண்டு நின்றார்.